பதிமூன்று இஞ்ச் பெட்டி

தவளைக்கு ஜலதோஷம் பிடித்தால் எப்படிப் பேசுமோ அப்படிப் பேசியது அந்தக் குரல்.

“பொட்டி பதிமூணு இஞ்ச். முன்பக்கம் பூரா சாம்பல் கலர் துணி. மேல ஒரே ஒரு திருகு, வேற பட்டனே கிடையாது. ரெண்டு மாசத்துல கடைக்கு வருது. நீங்க முந்திக்கோங்க.”

எம்.டி. தன் போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஏசி எலும்பு வரைக்கும் போய் விசாரித்தது.

“குரலை மாத்துற செயலி ஏதோ போட்டுப் பேசியிருக்கான். எதிர் கம்பெனியில சண்டை போட்டுட்டு வேலையை விட்ட ஒருத்தர் எனக்கு இதை அனுப்பி வெச்சார். நாங்க விக்க வேண்டிய ஸ்பீக்கரை அவங்க கடையில இறக்கிட்டாங்க. அதே துணி, அதே திருகு. விலை மட்டும் பாதி.”

“தவளை யாருன்னு கண்டுபிடிச்சா போதுமா சார், இல்ல குளத்தையும் காட்டணுமா?” என்றான் கொசு.

கொசு என்பது அவனுடைய அக்கா வைத்த பெயர். காதோரம் ஓயாமல் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பான் என்பதால் வைத்தது. அந்த அக்காவைக் கட்டிக்கொண்டவர்தான் துப்பறிவாளர். கல்யாணத்தோடு மச்சினனும் சீதனமாக வந்து சேர்ந்தான், இன்னும் திருப்பி அனுப்ப முடியவில்லை. துப்பறிவாளருக்குப் பேச்சு கம்மி. அவர் பேசாமல் மிச்சம் பிடிப்பதையெல்லாம் கொசு தாராளமாகச் செலவு செய்துவிடுவான்.

“குளம் எனக்குத் தெரியும்,” என்றார் எம்.டி. “ஆடியோ டிவிஷன். அந்தப் பெட்டியைக் கண்ணால பார்த்தது அவங்க மட்டும்தான். அவங்க மாடிக்கு வேற யாரோட கார்டும் வேலை செய்யாது.”

எதிர் நாற்காலியில் இருந்த பெண் தலையை நிமிர்த்தவில்லை. ஆடியோ டிவிஷனின் தலைமைப் பொறியாளர் அவள். துப்பறிவாளரைக் கூட்டி வந்ததும் அவள்தான். ஆபீசில் அவளைக் ‘காது’ என்றே சொல்வார்கள். ஸ்பீக்கரில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் எந்தத் திருகாணி என்று கேட்டே சொல்லிவிடுவாளாம். நாற்பதை ஒட்டிய வயது, ஒழுங்காகத் தூங்கி நாளான கண்கள்.

“இந்தக் கம்பெனியில நாலு டிவிஷன்,” என்றார் எம்.டி. “கேமரா, ஆடியோ, டிவி, செயலி. ஒவ்வொண்ணும் தனிக் கடை. அவங்கவங்க லாபம் அவங்கவங்களுக்கு, அவங்கவங்க நஷ்டமும் அப்படித்தான். கேமராவை ஏற்கனவே மூடியாச்சு. ஆடியோவை இன்னிக்குச் சாயங்காலம் மூடறேன். அதுல மாத்தமே இல்ல. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. எந்த டிவிஷன் ஆள் திருடினானோ, அந்த டிவிஷனை மூடும்போது யாருக்கும் நஷ்ட ஈடு தர வேண்டியதில்ல. அது ஒப்பந்தத்துலயே இருக்கு.”

“திருடினது வேற டிவிஷன் ஆளா இருந்தா?” என்றார் துப்பறிவாளர்.

“அப்படின்னா இவங்க அறுபது பேரையும் டிவி டிவிஷனுக்கு மாத்திடறேன். ஒருத்தர் வேலையும் போகாது. இன்னிக்கே ஆர்டர். நான் வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான்.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போது துப்பறிவாளர் தன் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைச் சரியாகப் பார்க்காமல் விட்டது பற்றிப் பின்னால் அவர் ரொம்ப வருத்தப்பட்டார்.

ஆடியோ மாடியில் ஒரு வேலையும் நடக்கவில்லை. அறுபது பேரும் வேலை செய்வது போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டுவார், அழிப்பார், திரும்பத் தட்டுவார். புதிதாக வீட்டுக் கடன் வாங்கியவர் யார், மனைவி பிரசவத்துக்குப் போயிருப்பவர் யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இவர்கள் உள்ளே வந்ததும் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது. கொசுவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. டாக்டர் அறையிலிருந்து வெளியே வருகிறவரை அப்படித்தான் பார்ப்பார்கள்.

காது அவர்களை ஒலி கேட்கும் அறைக்கு அழைத்துப் போனாள். சுவர், கூரை, கதவு எல்லாம் முட்டை அட்டை போன்ற பஞ்சு. உள்ளே பேசினால் சொந்தக் குரலே பக்கத்து வீட்டுக்காரர் குரல் மாதிரி கேட்டது. நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் அந்தப் பெட்டி. சாம்பல் துணி, மேலே ஒரே திருகு.

அங்கே இன்னொருவரும் இருந்தார். வழுக்கைத் தலை, பெரிய உடம்பு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். ஸ்பீக்கரின் அடிக் குரலை ‘பேஸ்’ என்பார்கள், டிவிஷனில் அவருக்கும் அதே பெயர். காதுக்கு அடுத்த பொறுப்பு அவருக்குத்தான்.

துப்பறிவாளர் கை நீட்டினார். கொசு பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தான்.

“நீளம் பன்னெண்டு. உயரம் அஞ்சு. மச்சான், பதிமூணு எங்கேயும் இல்லையே! பின்பக்கம் ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்காங்களா?”

“அதான் எங்களுக்கும் புரியல,” என்றார் பேஸ். “நாங்க வெளிப் பெட்டி அளவைச் சொல்லவே மாட்டோம் சார். உள்ள சத்தம் எழுப்புற கூம்பு எத்தனை இஞ்ச்னுதான் சொல்லுவோம். இதுல நாலு இஞ்ச் கூம்பு. ‘நாலு இஞ்ச் பெட்டி’ன்னுதான் இங்க இதுக்குப் பேரே.”

“அப்ப பேசினவன் உங்க ஆள் இல்ல.”

“அதை எம்.டி. கிட்ட சொன்னோம். ‘பதட்டத்துல தப்பா அளந்திருப்பான்’னுட்டார்.”

துப்பறிவாளர் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “சரக்கு விக்கப் போறவன் தப்பா அளக்க மாட்டான் மாப்ளே. மத்ததெல்லாம் சரியாச் சொல்லியிருக்கான். துணி சரி, திருகு சரி. அளவு மட்டும் எப்படித் தப்பும்? அவன் அளந்தது அவனைப் பொறுத்தவரைக்கும் சரிதான்.”

“அவன் டேப்பு இழுபட்டு நீண்டு போயிருக்குமோ?”

“அப்ப பதிமூணு வராது, பதினொண்ணு வரும்.”

கொசு மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். இரண்டு தரம் போட்டு இரண்டு விதமாக வந்ததால் விட்டுவிட்டான்.

“பெட்டி இந்த மாடியை விட்டு வெளிய போச்சா?” என்று துப்பறிவாளர் காதைப் பார்த்துக் கேட்டார்.

“இல்ல,” என்றாள் அவள்.

பேஸ் அந்தப் பெட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தார். “நல்ல பெட்டி சார் இது. இந்தப் பஞ்சு அறையில ஓட்டைத் தகர டப்பா கூட நல்லாத்தான் கேக்கும். எங்க டிவிஷன்ல அதை நம்பி எதையும் வெளிய விட மாட்டோம். ஒரு வீட்டுத் திரைச்சீலைக்கு முன்னாடி உக்காந்து பாடினாத்தான் அது பெட்டி. இது பாஸ் பண்ணின பெட்டி சார்.”

காது சட்டென்று, “அவங்க மத்த மாடிக்கும் போகணும் இல்ல?” என்றாள். பேஸ் வாயை மூடிக்கொண்டார்.

கேமரா மாடியில் நாற்காலிகளையெல்லாம் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். சாவி ஒப்படைப்பதற்காக ஒரே ஒரு கேமராக்காரர் மட்டும் மிஞ்சியிருந்தார். சாவியை வாங்கிக்கொள்ள யாரும் வராததால் தினமும் வந்துகொண்டிருந்தார்.

“என் டிவிஷனை முழுங்கினது எங்க இருக்கு தெரியுமா?” என்று கொசுவைக் கேட்டார்.

“எங்க சார்?”

“உன் சட்டைப் பையில.”

கொசு பையைத் தொட்டுப் பார்த்தான். போன் இருந்தது. அவனுக்கு அதை வெளியே எடுக்கவே கூச்சமாகிவிட்டது.

“நீங்க இஞ்ச்ல அளப்பீங்களா?” என்றார் துப்பறிவாளர்.

“இஞ்சா? எங்களுக்கு மில்லிமீட்டர்தான். என் பையன் பிறந்தப்ப போன்ல ஊருக்கெல்லாம் ‘ஐநூறு மில்லிமீட்டர் இருக்கான்’னு சொன்னேன். எங்க மாமியார் பாட்டில்ல பொறந்திருக்கானான்னு பயந்துட்டாங்க.” அவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். “ஒரு மாடியில பேசறது அடுத்த மாடிக்குப் புரியாது சார். பேசினாலும் குத்தம். மாடி விட்டு மாடி கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க கூட லிஃப்ட்ல முகத்தைத் திருப்பிக்குவாங்க.”

“வீட்டுக்குப் போய்ச் சேர்த்து வெச்சுப் பேசிக்குவாங்க போல,” என்றான் கொசு.

அப்போது டிவி மாடியிலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அடக்கமாகத்தான் நுழைந்தார்கள். ஆனால் கண் முழுக்கச் சாமான் மேல். நல்ல மேசை ஒன்று, நல்ல விளக்கு ஒன்று என்று எடுத்து வைத்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது. அதில் யாரோ எழுதியிருந்த கடைசிக் கூட்டத்தின் பேச்சு இன்னும் அழியாமல் இருந்தது.

“நம்ம ரூம் சுவத்துக்கு இது சரியா வருமா பாரு,” என்றார் ஒருவர். மற்றவர் டேப்பை இழுத்துப் பலகையின் கீழ் மூலையில் ஒரு முனையை அழுத்தினார், எதிர்ப்பக்கம் மேல் மூலை வரைக்கும் கோணலாக இழுத்தார்.

“அறுபது இஞ்ச்.”

“அய்யய்யோ, அது பெரிசு. நம்ம சுவர் அம்பதுதான் தாங்கும்.”

கொசுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அண்ணே, பலகைக்கு நீளம்னு ஒண்ணு, உயரம்னு ஒண்ணு இருக்குமே, தெரியுமா? குறுக்குல போய் என்னத்த அளக்குறீங்க?”

அந்த ஆள் டேப்பையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது. “அட... கை பழகிப் போச்சு தம்பி. இருபது வருஷமா டிவி. எதைப் பார்த்தாலும் டிவித் திரையை அளக்கிற மாதிரி மூலைக்கு மூலைதான் இழுக்குது. வீட்டுல ஜன்னலுக்குத் துணி தைக்கவே இப்படி அளந்து கொடுத்து, துணியெல்லாம் பாழாப் போச்சு.”

“அண்ணிகிட்ட நல்லா வாங்கிக் கட்டியிருப்பீங்க!” என்று கொசு இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் மச்சானைக் காணோம். துப்பறிவாளர் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓடி அவன் பார்த்ததில்லை.

பஞ்சு அறையில் பேஸ் இல்லை. காது மட்டும் முக்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். துப்பறிவாளர் ஒன்றும் சொல்லாமல் டேப்பைப் பெட்டி முகத்தின் கீழ் மூலையில் வைத்து, எதிர் மூலைக்கு இழுத்தார்.

“படி மாப்ளே.”

கொசு குனிந்து பார்த்தான். “பதிமூணு. மச்சான், சுத்தமாப் பதிமூணு!”

பன்னிரண்டும் ஐந்தும் சேர்ந்தால் குறுக்கே பதிமூன்று. பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்குக்காகவே அவன் ஒரு வருஷம் முழுக்கக் குட்டு வாங்கியிருக்கிறான். வாழ்க்கையில் முதல் தடவையாக அது உபயோகப்பட்டதில் அவனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

“டிவிக்காரன்! மேடம், உங்க ஆளுங்க தப்பிச்சாங்க. உலகத்துல வேற எவனும் ஸ்பீக்கர் பெட்டியை மூலைக்கு மூலை அளக்க மாட்டான். தவளை டிவி மாடித் தவளை!”

காது எழுந்திருக்கவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. கொசு துள்ளலைப் பாதியில் நிறுத்தினான்.

துப்பறிவாளர் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். “டிவி ஆள் கார்டு இந்த மாடியில வேலை செய்யாது. அப்படின்னா பெட்டி வெளிய போயிருக்கு. எந்தப் பெட்டியும் ஒரு வீட்டுத் திரைச்சீலைக்கு முன்னாடி பாடணும்னு உங்காள் சொன்னார். இது யார் வீட்டுத் திரைச்சீலை மேடம்?”

அவள் கையை நீட்டிப் பெட்டியின் சாம்பல் துணியை விரலால் நீவினாள்.

“எங்க வீட்டுது,” என்றாள்.

“வீட்டுக்காரர்?”

“டிவி டிவிஷன்ல டிசைன் பார்க்கிறார்.”

கேமராக்காரர் சொன்னதைக் கொசு வேடிக்கை என்று நினைத்துச் சிரித்திருந்தான். இப்போது அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்க முடியுமா என்று பார்த்தான்.

“அவர்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்றார் துப்பறிவாளர்.

“எம்.டி. அந்தக் குரலை முதல் தடவை போட்டுக் காட்டின உடனே.” அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். “முக்கியமா எதையாவது சொல்றதுக்கு முன்னாடி மூக்கால ஒரு சின்ன மூச்சு விடுவார். என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டப்பவும் அதே மூச்சு. செயலி குரலைத்தான் சார் மாத்தும். பேசாத இடத்தை அது என்ன பண்ணும்? ‘பொட்டி’ன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அது இருக்கு. வேற யாருக்கும் கேக்காது. எனக்குக் கேட்டுத் தொலைச்சிருச்சு.”

“அப்புறம் எதுக்கு மேடம் எங்களைக் கூப்பிட்டீங்க?” என்றான் கொசு. அவன் குரல் அவனுக்கே சின்னதாகக் கேட்டது.

“என் காது தப்புன்னு நீங்க சொல்லுவீங்கன்னு.”

ஒரு மனுஷி, தன் பிழைப்பே எதை நம்பி நடக்கிறதோ அதையே தப்பென்று சொல்ல ஆள் தேடிக் காசு கொடுத்திருக்கிறாள். இவன் டேப்பைப் பிடித்துக்கொண்டு பதிமூன்று, பதிமூன்று என்று ஆடியிருக்கிறான். அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

“நாங்க ஒண்ணும் கண்டுபிடிக்கலன்னு சொல்லிடலாம்,” என்றார் துப்பறிவாளர் மெதுவாக. “உங்க இஷ்டம்.”

அவள் கதவின் சிறு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். அங்கே அறுபது பேரும் இன்னும் வேலை செய்வது போல உட்கார்ந்திருந்தார்கள். பேஸ் யாருக்கோ தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அவங்க ஒரு தப்பும் பண்ணலையே சார்,” என்று சொல்லிவிட்டு எழுந்து பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

எம்.டி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டேப்பைத் தானே வாங்கி மூலைக்கு மூலை வைத்துப் பார்த்து, “பிரமாதம்,” என்றார். உடனே டிவி மாடிக்குப் போன் போட்டு அவள் கணவனை மேலே வரச் சொன்னார்.

வந்தவன் நல்ல உயரம், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். உள்ளே நுழைந்ததும் முதலில் மனைவியைப் பார்த்தான், அப்புறம் மேசை மேல் இருந்த பெட்டியையும் அதன் முகத்தில் குறுக்கே கிடந்த டேப்பையும் பார்த்தான். அவனிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நான்தான்,” என்றான்.

“ஏன்?” என்று கேட்டது அவள்தான்.

“அந்தப் பெட்டி நல்லா இருந்துச்சு. அதான்.” அவன் அவளிடம் மட்டும் பேசினான். “அதைக் கேட்டதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது கடைக்கு வந்தா எங்க டிவியோட சேர்த்து விக்கிற ஸ்பீக்கரை ஒருத்தன் வாங்க மாட்டான். எங்களுக்கு லாபமே அதுலதான். ரெண்டு டிவிஷன்ல ஒண்ணைத்தான் வெச்சுக்குவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது சம்பளம் வரணும்ல? உன்னை எப்படியும் வேற இடத்துல கூப்பிட்டுக்குவாங்க. என்னை யார் கூப்பிடுவா? பழி உன் மேல வரும்னு நான் நெனைக்கவே இல்ல. சத்தியமா நெனைக்கல.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“வீட்டுல வேலையைப் பத்திப் பேசக் கூடாதுன்னு நாம ரெண்டு பேரும்தானே முடிவு பண்ணினோம்?”

கொசு மச்சானைப் பார்த்தான். துப்பறிவாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, குடும்பப் பேச்சை அப்புறம் வெச்சுக்கோங்க,” என்று எம்.டி. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். இரண்டு விரலால் சிறிது நேரம் தட்டினார். “வாக்குன்னா வாக்குதான். ஆடியோ ஆளுங்க அறுபது பேரையும் டிவி டிவிஷனுக்கு மாத்தியாச்சு. ஆர்டர் எல்லாருக்கும் போயிருச்சு. திருப்திதானே மேடம்?”

அவள் தலையசைத்தாள். புருஷனைக் கொடுத்து வாங்கியதை நினைத்துத் திருப்தி என்று சொல்ல வாய் வரவில்லை போலும்.

“நன்றியை நான்தான் சொல்லணும்,” என்றார் எம்.டி. காலையில் சிரித்த அதே சிரிப்பு. “ரெண்டு வருஷமா டிவியை மூடப் பார்க்கிறேன். அங்க முன்னூறு பேர். நஷ்ட ஈடுன்னு கணக்குப் போட்டாலே எனக்குத் தலை சுத்தும். இப்பத் திருடினது டிவி ஆள்னு ஆயிருச்சு. அவரே ஒத்துக்கிட்டார், சாட்சியும் நீங்களே கொண்டு வந்துட்டீங்க. இனி யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்ல. டிவியை நாளைக்கே மூடறேன்.”

முதலில் கொசுவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். “நாளைக்கு மூடுற கடைக்கு இன்னிக்கு ஆள் சேர்த்தீங்களா?”

“நீங்க கேட்டதைத்தான் செஞ்சேன் தம்பி.”

“இது மோசடி. கோர்ட்டுக்குப் போவாங்க,” என்றார் துப்பறிவாளர். அவர் குரல் உயர்ந்து கொசு கேட்டதில்லை.

“போகட்டும். தீர்ப்பு வர்றதுக்குள்ள இந்தக் கம்பெனியில பேரைத் தவிர ஒண்ணும் இருக்காது. பெட்டி செய்யறதெல்லாம் இனி நம்ம வேலை இல்ல சார். எவனோ செய்வான், நம்ம பேரை ஒட்டிக்க வாடகை கொடுப்பான். செயலி டிவிஷன் மட்டும் போதும். அதுக்கு இருபது பேர் போதும்.”

எத்தனையோ அறையில் எத்தனையோ பேரை மடக்கியவர் துப்பறிவாளர். இங்கே மடக்க வேண்டியவர் காலையிலேயே எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இவர்தான் திருடனைத் தேடிக்கொண்டு தப்பான திசையில் ஓடியிருக்கிறார்.

“மேடம், நான் முதல்லயே...” என்று ஆரம்பித்தார்.

“விடுங்க சார்,” என்றாள் காது. “நீங்க உங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சீங்க.”

திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று கொசுவுக்கு இருந்தது.

லிஃப்டில் நான்கு பேரும் இறங்கினார்கள். காதும் அவள் கணவனும் வழக்கப்படி ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். பெட்டி இப்போது அவன் கையில் இருந்தது. கனமாக இருக்கும் என்று அவளிடமிருந்து எப்போது வாங்கிக்கொண்டான் என்று கொசு கவனிக்கவில்லை.

“ஒரே டிவிஷன்ல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு கல்யாணமான புதுசுல சொல்லிக்கிட்டே இருப்பீங்களே,” என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். “இப்ப இருக்கோம்.”

அவன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தலை குனிந்தான். அவன் தோள் குலுங்கியது. அவள் கையை நீட்டினாள், பாதி தூரம் வந்த கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

ஆடியோ மாடியில் கதவு திறந்தது. திறந்ததுமே கைதட்டல் காதை அடைத்தது.

அறுபது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். எல்லார் கையிலும் போன், போனில் மாற்றல் ஆர்டர். ஒருவர் மனைவிக்கு வீடியோ போட்டு அழுதுகொண்டே சிரித்தார். இன்னொருவர் மேசை மேல் ஏறி நின்றார். கிணற்றுக் குரலில் பேஸ் கத்தினார்: “மேடம்! ஜெயிச்சுட்டீங்க மேடம்!”

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தார். ஓடி வந்து அவன் கையைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார்.

“சார், இனிமே நாங்களும் உங்க டிவிஷன்தான். எங்களைப் பார்த்துக்கோங்க சார்.”

அவன் முகத்தைக் கொசுவால் பார்க்க முடியவில்லை. துப்பறிவாளர் லிஃப்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தார். காது திரும்பி அவரைத் தடுத்தாள்.

“நீங்க போங்க சார். இதை நான்தான் சொல்லணும்.”

லிஃப்ட் கதவு மூடியது. மச்சானும் மச்சினனும் மட்டும் உள்ளே இருந்தார்கள். இரண்டு மாடி இறங்கும் வரைக்கும் கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.